கத்தரிக்கோல் இல்லாத பை

நான் வேலை பார்த்த அஞ்சலகத்தில் பொதுமக்களுக்கென்று மேஜைமேல் ஒரு பேனா இருக்கும். அதைச் சணல் கயிற்றால் மேஜையோடு கட்டி வைத்திருப்போம். என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கயிறு எப்போதும் ஒரு சாண் குறைவாகவே இருக்கும். மணியார்டர் பாரத்தின் கடைசி வரி வரை பேனா வராது. பாரத்தைத்தான் பேனாவிடம் கொண்டுபோக வேண்டும். 36 வருஷ சர்வீஸில் அப்படி எத்தனையோ பேனாக்களுக்கு நானே முடிச்சுப் போட்டிருக்கிறேன். கட்டாவிட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எங்கள் நியாயம். வந்தவரால் எழுத முடிந்ததா என்று நாங்கள் பார்த்ததில்லை. சாயங்காலம் பேனா இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம்.

போன மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கயிறு ஞாபகத்துக்கு வந்தது. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கைவேலைப் பையைப் பற்றிப் பேச்சு. இந்த வருஷம் பையில் கத்தரிக்கோல் வேண்டாம், எல்லாவற்றையும் நாமே வெட்டித் துளை போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் சிலர், அந்தச் சிரமம்கூட எதற்கு, ஒரு நன்கொடை அமைப்பு தயார் நிலையில் பைகள் தருகிறதே, அதையே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் எதிர்த்தேன். கோபம் வந்துவிட்டதால் பேச்சு சரியாக வரவில்லை. வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு நிதானமாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

பை என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காகித உறை. அதற்குள் ஒரு பொருளைச் செய்யத் தேவையான சாமான்கள், செய்முறைத் தாள். கூடவே நூலகத்திலிருந்து ஒரு புத்தகம். குழந்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் செய்துகொள்ளும். 2020-ல் கொரோனா வந்து எல்லாம் மூடிக் கிடந்தபோது அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் இந்த மாதிரிப் பைகளை வாசலில் வைத்துக் கொடுத்தன. அங்கே இருக்கும் என் மகள் பேரனுக்கு வாங்கி வந்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். நான்தான் அதை எங்கள் வாசகர் வட்டத்தில் காட்டினேன். ஆகவே இந்த விவகாரத்துக்கு மூலகாரணமே நான்தான்.

நம் ஊருக்கு இது பொருத்தமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். பொருத்தம்தான் என்று இப்போதும் சொல்வேன். எங்கள் நூலகத்தில் குழந்தைகளுக்கென்று இருப்பது ஒரு பெஞ்சும் ஓர் அலமாரியும். ஆறு குழந்தைகள் உட்கார்ந்தால் ஏழாவது குழந்தைக்கு இடமில்லை. அதோடு, விடுமுறையில் நூலகத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்காரக் கொடுத்துவைத்த குழந்தைகள் எத்தனை பேர்? தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்காக்கள் இருக்கிறார்கள். அம்மா நடவுக்கோ கடை வேலைக்கோ போனால் வீட்டைப் பூட்டக் கூடாது என்று இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டமாக வந்து புத்தகம் மாற்றிக்கொண்டு ஓட்டமாகப் போகிறவர்கள். பை அவர்களுக்காகத்தான்.

முதல் வருஷம் நாங்கள் ஒன்றும் தயாரிக்கவில்லை. மேலே சொன்ன நன்கொடை அமைப்பே 50 பைகள் கொடுத்தது. பேனர் கட்டி, பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பையின் மேல் வழவழப்பான அச்சு. உள்ளே மயில் வடிவத்தில் வெட்டிய பஞ்சு மாதிரியான ஷீட், முதுகில் ஒட்டும் பசையோடு கூடிய கண்கள், தோகைக்கு 12 ஸ்டிக்கர்கள். செய்முறைக்கு ஒரு கியூஆர் கோடு. போனில் காட்டினால் வீடியோ வருமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் வந்தான். "தாத்தா, ஒட்டிட்டேன். வேற இருக்கா?" என்றான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். "இங்கேருந்து போய் சோறு போடறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். அவன் கொண்டுவந்த மயிலைப் பார்த்தேன். பேனரில் இருந்த மயில்தான். 50 பேரும் ஒட்டினால் 50 மயிலும் அதே மயில்தான்.

அதே நாள் ஒரு பெண் குழந்தை, நான்காம் வகுப்பு இருக்கும், பையைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஏம்மா செய்யலையா என்று கேட்டதற்கு, "போன் அப்பாகிட்ட இருக்கு. அப்பா திருப்பூர்ல இருக்காங்க. எப்படிச் செய்யறதுன்னு தெரியாம பிரிச்சா வீணாயிடும்ல, வேற யாருக்காச்சும் குடுத்துருங்க தாத்தா" என்றாள்.

அந்தக் குழந்தை கொடுத்த பையைக் கையில் வாங்கிக்கொண்டு நான் என்ன சொல்வது? அஞ்சலகத்தில் விலாசம் சரியாக எழுதாத கடிதம் திரும்பி வரும். இந்தப் பைக்கும் அதுதான் நடந்தது. கட்டியவர் மனதில் எந்த வீட்டு விலாசமும் இல்லை. அந்த வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று நினைக்கவில்லை. பிரிக்கப்போகும் குழந்தையின் கை என்ன செய்யும் என்றும் நினைக்கவில்லை. ஒரு குழந்தைக்கு வேலையே இல்லை. இன்னொரு குழந்தைக்கு வழியே இல்லை.

இரண்டாம் வருஷம் நாங்களே செய்தோம். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நூலகர் அம்மாவின் ஒரு நாள் ஓய்வைக் கெடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஐந்து பேர் உட்கார்ந்தோம். எல்லோரும் ரிடையர் ஆனவர்கள். ஒருவர் தையல்காரர், கண் மங்கியதால் மெஷினை மகனிடம் கொடுத்துவிட்டவர். ஒருவர் தலைமையாசிரியை. என்ன செய்யலாம் என்று இரண்டு வெள்ளிக்கிழமை பேசினோம். கடைசியில் மாட்டு வண்டி என்று முடிவாயிற்று.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் எஸ்.வி. கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நம் டெல்டா மண்ணில் நடந்த காரியம். நூலகத்துக்கு வர முடியாதவர்களிடம் நூலகமே போன கதை. எங்கள் பையும் அதே வேலையைத்தானே செய்கிறது! வண்டி தீப்பெட்டி, அச்சு ஈர்க்குச்சி, சக்கரம் அட்டை, கூண்டு வளைத்த காகிதம். வண்டிக்குள் வைக்கக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பத்துப் புத்தகங்கள். அவற்றின் அட்டையில், குழந்தை தான் படித்த புத்தகங்களின் பெயரை எழுத வேண்டும். பத்துப் பெயர் இல்லாத குழந்தை மீதிக்காக நூலகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். இது தலைமையாசிரியை அம்மாவின் தந்திரம்.

பையைக் கட்ட ஒரே விதிதான் வைத்துக்கொண்டோம். வீட்டில் இல்லாதது எல்லாம் பையில் இருக்க வேண்டும். குழந்தையின் கையால் ஆவது எதுவும் பையிலேயே முடிந்திருக்கக் கூடாது.

சொல்வது சுலபம். தீப்பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைத்தேன். "இப்போ எல்லா வீட்லயும் லைட்டர்தாங்க" என்றாள் என் மனைவி. கடைத்தெரு டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். இரண்டு மாதம் காலித் தீப்பெட்டி சேர்த்துக் கொடுத்தார். பார்சல் பெட்டி அட்டையை எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது என்ற கர்வத்தில் அதை வெட்டிக் கொண்டுவந்தேன். குழந்தைகள் கத்தரிக்கோலுக்கு அது மசியவே இல்லை. தையல்கார நண்பர் ஜவுளிக் கடைக்குப் போய், புடவை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளை வாங்கி வந்தார். அதுதான் பதமாக இருந்தது. அஞ்சலகத்தில் நாங்கள் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவோம். அது விஷம். விரலை வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஐந்து ரூபாய்ப் பசை பாக்கெட்டே வாங்கினோம். பசை 5, கிரேயான் 10, பென்சில் 5, வண்ணத்தாள் 4, செய்முறை ஜெராக்ஸ் 2, உறை 3. ஒரு பைக்கு 29 ரூபாய். நுனி மழுங்கிய கத்தரிக்கோல் 18 ரூபாய் தனி.

முதல் பையைக் கட்டியதும் மனைவியிடம் கொடுத்து, "எழுந்திருக்காமல், வேறு எதையும் எடுக்காமல் இதை வைத்தே செய்" என்றேன். பத்து நிமிஷத்தில் கேள்வி வந்தது. "என்னங்க, பசை காய எவ்வளவு நேரம் விடணும்னு எழுதவே இல்லையே? ஈரத்தோட சக்கரத்தை மாட்டினா கழண்டு வருது." தாளைத் திருத்தினோம். ஈர்க்குச்சி நீளம் போதவில்லை, மாற்றினோம். தீப்பெட்டியில் அச்சுக்குத் துளை போடக் கூரான ஊசி வேண்டும். சின்னக் குழந்தை பெரிய ஊசியை அழுத்தினால் பெட்டி நசுங்கும். அந்தத் துளையை மட்டும் நாங்களே கோணி ஊசியால் போட்டோம். ஆகவே எதையுமே தயார் செய்து கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கோணி ஊசி இருக்காது, அதனால் போட்டோம். அவ்வளவுதான்.

ஆனால் சக்கரத்தைத் தொடவில்லை. அதை வெட்டிக் கொடுக்கவும் இல்லை, நடுவில் துளை போடவும் இல்லை. இங்கேதான் இப்போது தகராறு.

சக்கரத்தின் மையம் எங்கே இருக்கிறது? டம்ளரைக் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால் வட்டம் வந்துவிடும். நடு எது என்று டம்ளர் சொல்லாது. எங்கள் தாளில் இப்படி எழுதினோம்: அதே டம்ளரால் மெல்லிய காகிதத்திலும் ஒரு வட்டம் வரைந்து வெட்டு. பாதியாக மடி. மறுபடியும் பாதியாக மடி. பிரித்துப் பார். இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கிறது? அந்தக் காகிதத்தை அட்டைமேல் வைத்து அந்த இடத்தில் பென்சில் நுனியால் குத்து.

இதைப் பள்ளிக்கூடத்தில் விட்டம், மையம் என்று படித்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் 69 வயதில், எங்கள் கூடத்தில் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அது என் கைக்குத் தெரிந்தது. நாங்களே துளை போட்டுக் கொடுத்திருந்தால் எல்லாச் சக்கரமும் ஒழுங்காக ஓடியிருக்கும். குழந்தைக்கு மையம் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

60 பை கொடுத்தோம். கத்தரிக்கோலை மட்டும் இனாமாகக் கொடுக்கவில்லை, இரவல் கொடுத்தோம். நூலகர் அம்மா ஒரு நோட்டுப் போட்டுப் பெயர் எழுதி, புத்தகத்தைப் போலவே 15 நாள் தவணை வைத்தார். 57 திரும்பி வந்தன. மூன்று வரவில்லை. நஷ்டம் 54 ரூபாய்.

வண்டிகளும் வந்தன. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒரு வண்டிக்கு மூன்று சக்கரம். ஒன்றில் மாட்டுக்குப் பதில் யானை. ஒரு பையனின் சக்கரத்தில் துளை கொஞ்சம் தள்ளிப் போய், வண்டி ஏறி ஏறி இறங்கியது. தப்பாகிவிட்டது என்று சிணுங்குவான் என்று பார்த்தேன். "வரப்புல போற வண்டி தாத்தா" என்றான். முதல் வருஷம் பையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த பெண் குழந்தையும் வண்டி கொண்டுவந்தாள். கூண்டுக்குப் பழைய புடவைத் துணி ஒட்டியிருந்தாள். பத்துப் புத்தகத்தில் நான்கில்தான் பெயர் இருந்தது. மீதி ஆறை எழுத ஜூன் மாதம் முழுக்க வந்துபோனாள்.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருகிறேன்.

கத்தரிக்கோல் ஆபத்து என்கிறார்கள். போன கோடையில் ஒரு பையன் விரலைக் கீறிக்கொண்டான், உண்மை. அதை வைத்துத்தான் "நாளைக்கு ஏதாவது ஆயிட்டா யார் சார் பதில் சொல்றது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். அந்தப் பையனின் அம்மா என்னிடம் வந்தார். சண்டைக்கு அல்ல. "ஐயா, அவன் அரிவாள்மனையில உக்காந்து வாழைக்காய் நறுக்குற பிள்ளை. இது ஒண்ணும் பெருசில்ல. கத்திரிக்கோலை இன்னும் ஒரு வாரம் வச்சுக்கலாமான்னு கேக்கச் சொன்னான்" என்றார். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கையால் கிழித்து ஒட்டட்டும். அவர்களுக்குத் தனிப் பை கட்டுவோம். பத்து வயதுப் பிள்ளைக்கும் அதே சட்டமா? நாம் எந்த வயதில் பனங்காய் வண்டி ஓட்டினோம்? பனங்காயில் துளை போட்டது யார்? பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியபோது யார் இலையை அளவாக நறுக்கிக் கொடுத்தார்கள்? நம் கையில் அரிவாளையே கொடுத்த காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பெருமை பேசுகிறோம். பேரப்பிள்ளை கையில் மழுங்கிய கத்தரிக்கோலைக் கொடுக்கப் பயப்படுகிறோம்.

பார்க்க நன்றாக இல்லை என்கிறார்கள். கண்காட்சி வைத்தால் கோணல்மாணலாக இருக்கிறதாம், வருகிற அதிகாரிகள் என்ன நினைப்பார்களாம். கண்காட்சிக்கு வேண்டுமானால் நாமே செய்து வைத்துக்கொள்வோம், ஐந்து கிழவர்கள் செய்தது என்று சீட்டும் ஒட்டிவிடுவோம். குழந்தையின் வீட்டுக்குப் போகிற பை குழந்தைக்கு.

நூலகம் படிக்கிற இடம், பொம்மை செய்கிற இடமா என்கிறார்கள். இதற்கு நம் பக்கத்து ஊர்க்காரரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதியின் சாரம், புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது, பத்திரமாக இருப்பதற்காக அல்ல என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததைச் சொல்கிறார். அந்தச் சங்கிலியை அவிழ்த்த பிறகுதான் புத்தகம் வீட்டுக்குப் போயிற்று. எங்கள் பேனாக் கயிறு அந்தச் சங்கிலியின் பேரன். கத்தரிக்கோலை எடுத்துவிட்ட பை அதன் கொள்ளுப்பேரன். படிப்பு என்று கேட்டால், செய்முறைத் தாளைப் படிக்காமல் வண்டி ஓடாது. பாடப் புத்தகத்தைத் தொடாத பையன் அந்தத் தாளை நான்கு தடவை படித்ததை நான் பார்த்தேன்.

தயார்ப் பை இலவசம்தானே, நமக்கு மெனக்கெடு மிச்சம் என்கிறார்கள். இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் மேல்பூச்சு. எனக்கும் இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. 60 தீப்பெட்டிக்கு 120 துளை போட்டவன் நான். ஆனால் இலவசமாக வந்ததாலேயே அந்த மயில் பையை நாம் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 29 ரூபாய்ப் பையை எத்தனை தடவை பிரித்துக் கட்டினோம்! தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்தே கணிதமும் அறிவியலும் கற்றுக்கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஐ.ஐ.டி.யில் படித்த மனிதர் குப்பையிலிருந்து பொம்மை செய்ததில் கௌரவம் குறையவில்லை. நமக்குத்தான் வழவழப்பான அச்சு வேண்டியிருக்கிறது.

நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றைக்கும் நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்த்தே கட்டுகிறோம். நூலகம் நம்முடையது என்ற உரிமையில்தான் கேட்கிறேன். நன்கொடை அமைப்பு பணமாகவோ காகிதமாகவோ கொடுக்கட்டும், கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். பையை மட்டும், அந்தக் குழந்தைகளின் தெரு தெரிந்த நாம் கட்டுவோம்.

அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு. ஓட்டுக்கு விட்டால் நான் தோற்றுப்போகலாம். ஏழு பேர் அந்தப் பக்கம், நான்கு பேர் இந்தப் பக்கம் என்பது என் கணக்கு. இதைப் படிக்கும் உள்ளூர் நண்பர்களில் வாசகர் வட்ட உறுப்பினர்கள் பலர் சந்தா கட்டியதோடு சரி, கூட்டத்துக்கு வருவதில்லை. இந்த ஒரு கூட்டத்துக்கு வாருங்கள். எனக்கு எதிராகக் கை தூக்கினாலும் பரவாயில்லை. அதற்கு முன் மேஜைமேல் இரண்டு பைகளையும் வைக்கிறேன், இரண்டையும் பிரித்து ஒரு தடவை செய்து பாருங்கள். டம்ளர் நான் கொண்டு வருகிறேன்.

போன வருஷத்துக் கத்தரிக்கோல்கள் 57-ம் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கின்றன. நேற்று எடுத்துத் துடைத்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தேன். இன்னும் மூன்று வாங்க வேண்டும்.